பரணுக்குப் போகாத கருவி

சென்ற முறை இந்தப் பகுதியில், ஒரே கையால் சட்டைப் பொத்தான் போடும் கொக்கியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே மேசை நிறைய. அதனால் இந்த முறை உதவிக் கருவிகள் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்குப் பக்கவாதம் வந்து 11 வருடம் ஆகிறது. வலது கை தொங்கும், வலது காலை இழுத்து நடப்பேன். அதற்கு முன் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான், இடது கையால். நான் மருத்துவர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவள்.

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். கனமான கரண்டி, கீழே விழுந்ததை எடுக்கும் நீள இடுக்கி, கையில் மாட்டும் பட்டை என்று தேடித் தேடி வாங்கிக் கொடுத்தோம். எதையும் தொடமாட்டேன் என்கிறார். பிடிவாதமா, மனச்சோர்வா? (ஒரு மகள்)

பதில்: இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதலில் கருவிகள் மேல் சந்தேகப்படுங்கள், அம்மா மேல் அப்புறம்.

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. என் அண்ணன் ஆசையாக வாங்கி வந்து, நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் மேலே ஏற்றியவை எல்லாம் அதில்தான். ராஜா யார் என்றால், பேட்டரியில் ஓடும் மூடி திறப்பான். 'ஒரு கை போதும்' என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். பாட்டில் மேல் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினேன். மூடியோடு சேர்ந்து பாட்டிலும் சுற்றியது. பாட்டிலைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வேலை செய்தால் இது எனக்கெதற்கு?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் பிலிப்ஸ், ஜாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 227 மாற்றுத்திறனாளிகளிடம் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று, பயன்படுத்தப்போகிறவரின் கருத்தைக் கேட்காமலே வாங்கியது. இன்னொன்று வேடிக்கையானது: கருவி சுலபமாகக் கையில் கிடைத்துவிட்டது. யோசிக்காமல் வந்தது யோசிக்காமல் போயிற்று.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். கனமான கரண்டி, கை நடுங்குகிறவர்களில் சிலருக்கு நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். அம்மாவுக்கு இருப்பது நடுக்கமா, பலக்குறைவா? பலக்குறைவு என்றால் அது ஏற்கெனவே தூக்க முடியாத கைக்குக் கூடுதல் பாரம். அவருக்கு வேண்டியது கனமான பிடி இல்லை, தடித்த பிடி. விரல்கள் முழுதாக மடங்காதபோது மெல்லிய காம்பு வழுக்கும். மென்மையான ஃபோம் குழாயை ஒரு சாண் வெட்டிச் சாதாரணக் கரண்டிக் காம்பில் செருகினால் வேலை முடிந்தது. பேனா, பல் துலக்கும் பிரஷ், சீப்பு எல்லாவற்றுக்கும் அதே குழாய்தான். நீள இடுக்கியும் அப்படித்தான். அதன் விசையை அழுத்திப் பிடிக்கத் தெம்பான கை வேண்டும். அம்மாவின் நல்ல கையில் ஏற்கெனவே ஊன்றுகோல் இருந்தால் இடுக்கியை எந்தக் கையில் பிடிப்பார்?

ஆகவே, கருவியைத் தூர வைத்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடுவது உனக்கு எரிச்சலாக இருக்கிறது?" பதிலை நீங்கள் ஊகிக்க முடியாது. எனக்குச் சாப்பாடுதான் பெரிய கஷ்டம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கோ காலையில் பற்பசை மூடி. விடியற்காலையில் எழுகிறவள் நான். பல் துலக்குவதற்காக இன்னொருவரை எழுப்ப வேண்டியிருந்தது. பல்லால் கடித்துத் திருகிப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீர்வு, கட்டைவிரலால் தட்டித் திறக்கும் மூடியுள்ள பற்பசை. கருவி என்று சொல்லக்கூட முடியாது. ஆனால் அன்றைக்கு நான் அடைந்த நிம்மதியை வேறெந்தச் சாமானும் தரவில்லை.

அம்மா ஒரு வேலையைச் சொன்ன பிறகு, முடிந்தால் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போங்கள். இன்ன வேலைக்கு இன்ன கை, இன்ன கருவி என்று பார்த்துச் சொல்வதுதான் அவர்கள் தொழில். வாங்குவதற்கு முன் ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்கவும் கொடுப்பார்கள்.

கேள்வி: விபத்தில் இடது கையை மணிக்கட்டுக்கு மேல் இழந்துவிட்டேன். தனியாக இருக்கிறேன். சமையலறையில் காய் நறுக்குவதுதான் பெரும்பாடு.

பதில்: வாருங்கள், நம் ஆள் நீங்கள். நறுக்குவதில் வெட்டுவது கஷ்டமே இல்லை, பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம். நம் இரண்டாவது கை இவ்வளவு காலமும் சமையலறையில் ஒரு இடுக்கி வேலைதான் பார்த்திருக்கிறது என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

அந்த வேலையைச் செய்யும் பலகை இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று துருப்பிடிக்காத ஆணிகள் மேல்நோக்கி நிற்கும். உருளைக்கிழங்கை அதன் மேல் குத்தி உட்காரவைத்தால் நகராது. ஒரே கையால் தோல் சீவலாம், திருப்பிக் குத்தி மறுபக்கம் சீவலாம். பலகையின் ஒரு மூலையில் விரலளவு உயரத்துக்கு எல் வடிவத்தில் விளிம்பு இருக்கும். ரொட்டியை அந்த மூலைக்குத் தள்ளி வெண்ணெய் தடவினால் ஓடிப்போகாது. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கால்கள். என்னுடைய முதல் பலகையைத் தச்சர் ஒருவர் செய்துகொடுத்தார். அதில் நான் கற்றுக்கொண்ட பாடம்: ஆணி கூராக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தக்கையைச் செருகிவிட வேண்டும். தக்கையை மறந்த இரண்டு நாட்களின் தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

கத்தியை மாற்றுங்கள். பிறை வடிவில் வளைந்த கத்தி ஒன்று உண்டு. முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், இழுத்து அறுக்க வேண்டியதில்லை. இழுக்காததால் காயும் நகராது. பாத்திரம் சுழலாமல் இருக்க அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. ஈரத்துணிதான் என் சமையலறையின் மிகச் சிறந்த உதவிக் கருவி. பாட்டில் மூடிக்கும் ஒரு வழி சொல்கிறேன்: மேசை இழுப்பறையில் பாட்டிலை நிறுத்தி, இழுப்பறையை இடுப்பால் தள்ளி இறுக்கிக்கொண்டு திருகுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வலது முழங்காலில் வலி. ஊன்றுகோலை வலது கையில்தான் பிடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தப்பு என்கிறார். (ஒரு மகன்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி. வலது காலில் வலி என்றால் கோல் இடது கையில். நடக்கும்போது வலது காலோடு இடது கைதானே முன்னால் போகிறது? கோலும் அந்தக் காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டால் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். வலிக்கிற பக்கமே கோல் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும்.

உயரத்தையும் பாருங்கள். வழக்கமான செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கோலின் பிடி இருக்க வேண்டும். அப்போது முழங்கை லேசாக மடங்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் கோலும் முதலில். கோலின் அடியில் இருக்கும் ரப்பர் குப்பியை மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் கோலைக் காப்பாற்றுவது அந்த வரிகள்தான்.

கேள்வி: தாத்தாவின் காதுக் கருவி கீச்சென்று கத்துகிறது. பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டார். நாங்கள் கத்திக் கத்திப் பேசுகிறோம்.

பதில்: கத்துவதை முதலில் நிறுத்துங்கள். கத்தும்போது சொற்கள் சிதைந்துதான் போகும். முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் பாதி புரியும்.

கருவிக்குள் பெரிதாக்கப்பட்ட ஒலி காதிலிருந்து கசிந்து, திரும்பவும் மைக்குக்குள் போனால் அந்தக் கீச்சொலி வரும். காதுக்குள் மாட்டும் அச்சு தளர்ந்திருக்கலாம், சரியாக உட்காராமல் இருக்கலாம், காதில் குறும்பி அடைத்திருக்கலாம். மூன்றையும் ஆடியாலஜிஸ்ட் என்ற செவித்திறன் நிபுணர் பார்த்துச் சொல்வார். கருவியே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் பெரும்பாலும் தவறு நம் பக்கம். பொத்தான் போல இருக்கும் அந்தப் பேட்டரிகள் துத்தநாக-காற்று வகை. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் நுண்துளை வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் பிறக்கும். ஆகவே உரித்து இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தேய்ந்துகொண்டே இருக்கும், திரும்ப ஒட்டிவைத்து மிச்சம் பிடிக்க முடியாது. மஞ்சள் தாள் என்றால் 10 எண், பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. தாத்தாவுக்கு எண் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை, நிறம் போதும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அந்தப் பேட்டரி அவர்கள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் ஆபத்து.

கேள்வி: பார்வை படிப்படியாகக் குறைந்துகொண்டு வருகிறது. வெள்ளைக் கோல் எடுக்க வெட்கமாக இருக்கிறது. (வயது 24)

பதில்: இதற்கு நான் பதில் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். என்னோடு அச்சகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த தோழியிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, கோல் இல்லாமல் தூணில் முட்டிக்கொண்டு நின்றபோது வந்த வெட்கத்தைவிடக் கோல் பிடிக்கிற வெட்கம் சின்னது. கோலை வாங்கி வீட்டில் வைத்துப் பழகாதே. பயிற்சி தருகிறவரிடம் போ. நிற்கும்போது உன் நெஞ்செலும்பு வரைக்கும் உயரம் வர வேண்டும். போனில் திரையைப் படித்துச் சொல்கிற வசதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். ஒரு முறை தொட்டால் பெயர் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். கொஞ்சமாவது பார்வை இருக்கும்போதே பழகிக்கொள். கோப்பையில் சூடாக எதையாவது ஊற்ற, விளிம்பில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. திரவம் அதன் கம்பியைத் தொட்டதும் கீச்சென்று ஒலிக்கும். அது வருவதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் விரலை விட்டுத்தான் பார்த்தோம். குளியலறையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் இருந்தால் ஒன்றில் ரப்பர் பேண்ட் போடு. இதற்கெல்லாம் ஆப் தேடாதே."

அவள் போனை நிமிர்த்திக்கூடப் பிடிக்கமாட்டாள். சட்டைப்பைக்குள் விரலை விட்டே செய்தி அனுப்பிவிடுவாள். போன் பேசும் வேகத்தை அவள் வைத்திருக்கும் அளவில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

கேள்வி: இந்தக் கருவிகளை எல்லாம் யார் கண்டுபிடிக்கிறார்கள்? (பள்ளி மாணவி)

பதில்: நல்ல கேள்வி. நிலைத்து நின்ற பலவற்றின் பின்னால் அது தேவைப்பட்ட ஆளே இருப்பார். 1655-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் அருகே ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக்காரர், கால் நடக்க வராதவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர நாற்காலியைத் தனக்காகச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 22. சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போன ஹெர்பர்ட் எவரெஸ்ட், பொறியாளர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸுடன் சேர்ந்து 1933-ல் மடக்கும் சக்கர நாற்காலியைச் செய்தார். காரில் ஏற்ற வேண்டும் என்பதுதான் அவர் கவலை. வெள்ளைக் கோலும் அப்படித்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பார்வை இழந்த புகைப்படக்காரர் ஜேம்ஸ் பிக்ஸ், வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று 1921-ல் தன் கோலுக்கு வெள்ளை அடித்தார். கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006-ல் தொடங்கிய மைக்கேல் கரன், அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டே இருவரும் பார்வையற்றவர்கள்.

எனக்குப் பிடித்தது பிரெய்ல் கதை. பார்வையுள்ள ஷார்ல் பார்பியே, விரலால் தடவிப் படிக்க 12 புள்ளி எழுத்து ஒன்றை உருவாக்கினார். யோசனை அருமை, ஆனால் ஓர் எழுத்து ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பார்வையற்ற பையன் லூயி பிரெய்ல் 1824-ல், 15 வயதில், அதை 6 புள்ளியாகச் சுருக்கினான். விரலை வைத்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரிந்தது.

விதிவிலக்கும் உண்டு. மூட்டுவாதம் இருந்த மனைவி பெட்சி, தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்த சாம் ஃபார்பர், 1990-ல் தடித்த ரப்பர் பிடி போட்ட சமையல் கருவிகளைக் கொண்டுவந்தார். வலி இல்லாதவர்களும் அதை வாங்கினார்கள். அவரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான்.

கேள்வி: சக்கர நாற்காலி வாங்கப்போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக் கதவுகளை அளங்கள், குறிப்பாகக் குளியலறைக் கதவை. கையால் தள்ளும் நாற்காலியின் முழு அகலம் இருக்கை அகலத்தைவிட 7, 8 அங்குலம் கூடுதலாக இருக்கும். உட்காருகிறவரின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் இடம் போதும். 'தாராளமாக இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்கினால் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவார், சக்கரமும் கைக்கு எட்டாது. முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். நல்ல மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தப்புண் வருவது வெளியே தெரியாது. மெத்தை இருந்தாலும் அரைமணிக்கு ஒரு முறையாவது உடம்பைத் தூக்கி அல்லது சாய்த்து உட்காரப் பழக்குங்கள். வாசல்படிக்குச் சாய்தளம் கட்டுவதானால் 1-க்கு 12 கணக்கு. அரை அடிப் படிக்கு 6 அடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அது சறுக்குமரம்.

கேள்வி: குளியலறையில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி நல்லதா?

பதில்: நிலைதடுமாறாமல் லேசாகத் தொட்டுக்கொள்ளச் சரி. முழுப் பாரத்தைப் போட்டுத் தொங்கக் கூடாது. காற்று புகுந்தால் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளையிட்டுத் திருகிய கம்பிதான் கம்பி. துண்டு காயப்போடும் கம்பியைக் கைப்பிடி என்று நம்பி, அதோடு சேர்ந்து விழுந்தவள் சொல்கிறேன். ரப்பர் காலுள்ள குளியல் நாற்காலியும் குழாயோடு வரும் கைஷவரும் இருந்தால் நிற்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரே கையால் கணினியில் தட்டச்சு செய்வது எப்படி?

பதில்: விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டுங்கள், 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லிவிட்டால், இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒவ்வொன்றாக அழுத்தலாம். பேசினால் எழுதும் வசதியும் தமிழில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவசரமாக 'மழை' என்று சொன்னால் 'மலை' வந்து நிற்கும். பிழை திருத்துகிறவளுக்கு அதுவும் ஒரு பிழைப்பு.

கேள்வி: உங்களுக்கு இன்னும் கிடைக்காத கருவி எது?

பதில்: குடை. இருக்கிறது ஒரே கை, அதில் கோல் இருக்கிறது. மழை வந்தால் குடையை எங்கே பிடிப்பது? மழைக்கோட்டு போட்டால் அதன் தொப்பி கண்ணை மறைத்துப் படி தெரியாமல் போகிறது. கோலோடு குடையைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். இரண்டு அடி நடந்தால் குடையும் இரண்டு முறை தரையைப் பார்த்துக் கும்பிடுகிறது. அண்ணன் விடவில்லை. தலையில் மாட்டிக்கொள்ளும் குடைத் தொப்பி ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார், வண்ண வண்ணமாக. இந்த முறையாவது என்னைக் கேட்டீர்களா என்றேன். "போட்டுப் பாரேன்" என்றார். போட்டுப் பார்த்தேன். காற்றடித்தது.

பரணில்தான் இருக்கிறது, மூடி திறப்பானுக்குப் பக்கத்தில். வேண்டுமென்பவர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.